ஆறா, எட்டா

கார்கோயில்ஸ் குவெஸ்ட் என்ற பழைய வீடியோ கேமுக்கு 6 மதிப்பெண் போட்டது நான்தான். தம்பி 8 போட்டிருந்தான். சென்னையில் ஆட்டங்களுக்கு மதிப்பெண் பட்டியல் தயாரிப்பவர்களுக்கு ஒரு ஆட்டத்துக்கு ஒரு எண்தான் வேண்டும். இருவரில் மூத்தவன் என்பதால் முடிவு என்னிடம் வந்தது. 6 என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு தம்பி சண்டையெல்லாம் போடவில்லை. அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "காக்கா, நீங்க மார்க் போட்டது கேமுக்கா, கேம்பாய்க்கா?"

கேம்பாய் என்பது நான் அதை ஆடிய பழைய கையடக்கக் கருவி. கேமுக்குத்தான் என்று உடனே சொன்னேன். சொன்ன வேகம்தான் இப்போது உறுத்துகிறது.

மரியோ, டெட்ரிஸ் என்றால் கீழக்கரையில் எந்த வீட்டிலும் தெரியும். இந்த ஆட்டம் யாருக்கும் தெரியாது. காப்காம் நிறுவனம் 1990-இல் கேம்பாய்க்காக வெளியிட்டது. கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் ஆட்டத்தில் சிறகடித்து வந்து நம்மைப் பாடாய்ப் படுத்தும் சிவப்புப் பேய் ஒன்று உண்டே, அதுதான் இதில் நாயகன். பெயர் ஃபயர்பிராண்ட். ஊர்களிலும் வழிகளிலும் மேலிருந்து பார்க்கும் கோணம்; சண்டையோ கோட்டையோ வந்துவிட்டால் பக்கவாட்டில் நகரும் ஆட்டம். ஆரம்பத்தில் இரண்டு அடி விழுந்தால் கதை முடிந்தது. தாவலும் குட்டை, சிறகும் கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

நான் ஆடியது மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய கேம்பாயில். நம் ஊர் உப்புக் காற்றில், ஆட்டம் அடங்கிய கேட்ரிட்ஜின் முனைகள் பச்சை பிடித்திருந்தன. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிறகுதான் ஓடியது. வெளிச்சமில்லாத திரை, நான்கே சாயல்கள். படம் பக்கவாட்டில் நகரும்போது அந்தத் திரையில் எல்லாமே இழுபட்டுக் கலங்கும். முள் எங்கே, தரை எங்கே என்று தெரிவதற்குள் விழுந்துவிடுவேன். மதிப்பெண் தாளில் "காட்சித் தெளிவு" என்ற கட்டத்தில் குறைத்தேன். அது நியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன். அந்தத் திரை எப்படிப்பட்டது என்று ஆட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தே மெல்லிய முட்களை வைத்தார்கள்.

தம்பி ஆடியது நிண்டெண்டோவின் பிற்காலக் கருவியான ஸ்விட்ச்சில். 2023 பிப்ரவரியில் நிண்டெண்டோ தன் சந்தாக்காரர்களுக்குக் கேம்பாய் ஆட்டங்களைத் திறந்துவிட்டபோது முதல் வரிசையிலேயே இதுவும் வந்தது. பளிச்சென்ற திரை. நினைத்த இடத்தில் நிறுத்திச் சேமிக்கலாம். விழுந்தால் ரிவைண்ட் செய்து மறுபடி தாவலாம்.

இங்கேதான் எனக்கு அவனுடைய 8 ஒட்டவில்லை. இந்த ஆட்டத்தின் உயிரே சிறகுதான். தாவி, காற்றில் இன்னொரு முறை பட்டனை அழுத்தினால் ஃபயர்பிராண்ட் அப்படியே மிதப்பான். மேலே ஏற முடியாது, முன்னும் பின்னும் நகரலாம், திரையின் கீழே ஓர் அளவு குறைந்துகொண்டே வரும். அது தீர்ந்தால் விழ வேண்டியதுதான். சங்கு குளிக்கும் ஆட்கள் தம் கட்டுவது போல: அடியில் இன்னொரு சங்கு தெரிகிறது, எடுக்கலாமா, மேலே போகலாமா? ரிவைண்ட் இருக்கிறவனுக்கு அந்தக் கணக்கே கிடையாது. அப்படியானால் அவனும் கேமுக்கு மார்க் போடவில்லை, ஸ்விட்ச்சுக்குப் போட்டான். இதை அவனிடமும் சொன்னேன்.

"இருக்கலாம் காக்கா. ஆனா நான் கடைசி வரைக்கும் ரசிச்சேன்ல?" என்றான்.

நானும் கடைசி வரை போனேன். முடிவை நெருங்கும்போது சிறகுக்கு எல்லையே இல்லாமல் போகிறது. இரண்டடி மிதக்கத் தவித்தவன் திரை முழுக்க மிதக்கிறான். அந்த இடத்தில் எனக்கு மகிழ்ச்சியை விடக் களைப்புதான் இருந்தது. களைப்பு யாருடைய குற்றம்?

கடவுச்சொல் விஷயமும் இப்படித்தான். சேமிக்கும் வசதி இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடர ஆட்டம் காட்டும் எழுத்துகளைத் தாளில் குறித்து வைக்க வேண்டும் என்று இன்னொரு கட்டத்தில் குறைத்தேன். "அந்தக் காலத்துல எல்லாமே அப்படித்தானே?" என்றான் தம்பி. இல்லை. 1989 டிசம்பரில் ஜப்பானில் வந்த சாகா என்ற ஆட்டம் (வெளிநாடுகளில் அதன் பெயர் ஃபைனல் ஃபேண்டஸி லெஜண்ட்) அதே கேம்பாயில் கேட்ரிட்ஜுக்குள் பேட்டரி வைத்துச் சேமித்தது. முடிந்ததைச் செய்யாமல் விட்டதற்குக் குறைக்கலாம். சரி. ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து அந்தச் சின்ன பேட்டரிகள் செத்துப்போகின்றன, சேமித்ததும் போய்விடுகிறது. தாளில் எழுதிய கடவுச்சொல் இன்றும் வேலை செய்கிறது. இன்று பழைய கேட்ரிட்ஜ் வாங்கி ஆடுகிறவருக்கு நான் குறைத்தது பலமாகத்தானே தெரியும்?

"பாத்திர வளர்ச்சி" என்ற கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சண்டை போட்டுச் சேர்த்து வலுவாக அனுபவப் புள்ளி கிடையாது, வழிச் சண்டைகளில் கிடைப்பது குப்பிகள் மட்டும். வளர்ச்சி என்பது தாவலிலும் சிறகிலும் புதிதாகக் கிடைக்கும் நெருப்பிலும் இருக்கிறது. கட்டம் வேறு மாதிரி ஆட்டங்களுக்காகப் போட்டது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

சென்னையில் பேசியபோது, "படிக்கிறவர் எதில் ஆடுவாரோ அதை வைத்துப் போடுங்கள்" என்றார்கள். அப்படிப் பார்த்தால் தம்பியின் எண்தான் சரி. ஆனால் அடுத்த ஆண்டு ஏதாவது புது வசதி வந்தால், 1990-இல் எழுதி முடித்த ஆட்டம் 9 ஆகிவிடுமா? எந்தக் கருவியில் ஆடினோம் என்று எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பட்டியலில் இடமில்லையாம்.

போன வாரம் தம்பியிடம் மாமாவின் கேம்பாயைக் கொடுத்தேன். ரிவைண்ட் கிடையாது, வெளிச்சம் கிடையாது, ஆடிப் பார் என்றேன். எண்ணைக் குறைப்பான் என்று எதிர்பார்த்தேன். திருப்பிக் கொடுக்கும்போது, "எட்டுதான் காக்கா" என்றான். முள் தெரிந்ததா என்றேன். தெரியவில்லை, நிறைய தடவை செத்தேன் என்றான். பிறகு எதற்கு எட்டு என்று கேட்டேன்.

"அந்தச் சிறகுக்கு."

அவன் போன பிறகு என் மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தேன். "இயக்கம்" கட்டத்தில் நானும் முழு மதிப்பெண்தான் போட்டிருக்கிறேன்.