நேற்றைய பூ, வெளுப்பாங்காலத்துப் பூ

நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவின் டார்க் ரூமில் வேலைக்குச் சேர்ந்தபோது கறுப்பு வெள்ளையில் எங்களுக்கு மிச்சமிருந்த வேலை இரண்டுதான். ஒன்று பாஸ்போர்ட் படம். இன்னொன்று, இறந்தவர்களின் பழைய படத்தைப் பெரிதாக்கிச் செபியா, அதாவது பழுப்பு நிறம் பண்ணிக் கொடுப்பது. ஸ்டூடியோ நடத்தியவரை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். கறுப்பு வெள்ளைப் பிரிண்டின் நிறத்தை மருந்தில் மாற்றும் டோனிங் எனக்கு அவர் கற்றுத் தந்தது.

பாஸ்போர்ட் படத்துக்கு வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுப் பேப்பர் நிறைய இருக்கும். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பேப்பர். அதை வீணாக்க மனசு வராமல் பூப்படங்களைப் பிரிண்ட் போட ஆரம்பித்தேன். பூவுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. தோவாளைச் சந்தை விடியும் முன்பே நிறைந்துவிடும். ஓணத்துக்கு முந்தைய நாட்களில் கேரளாவுக்குப் போகும் வண்டிகளில் மூட்டை மூட்டையாகப் பூ ஏறும். வயலில் நின்று எடுப்பதுதான் சிரமம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஒரு பிச்சிக் கொடியை ஒரு நொடிகூடச் சும்மா விடாது.

முதலில் செபியாவுக்குப் போட்டது பிச்சியைத்தான். பொட்டாசியம் பெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த மஞ்சள் தண்ணீரில் பிரிண்டை மூழ்கவைத்தால் படம் வெளிறிப்போய் ஒரு சாயல் மட்டும் நிற்கும். கழுவிவிட்டுச் சோடியம் சல்பைடில் போட்டால் அழுகின முட்டை நாற்றத்தோடு பழுப்பாகத் திரும்பி வரும். படத்திலிருக்கும் வெள்ளி, வெள்ளி சல்பைடாகிவிடுகிறது. சும்மா வெள்ளியைவிட அது காலத்துக்கு நிற்கும். வீட்டுச் சுவரில் தாத்தா படத்துக்குச் செபியா கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பிரிண்டைச் சந்தையில் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார். "இது நேத்தைக்குப் பறிச்ச பூல்லா தம்பி?"

அன்று காலையில் பறித்த பூ அது. ஆனால் அவர் சொன்னது சரி. பழுப்பு ஏறியதும் பிச்சி, கொண்டையிலிருந்து கழற்றி வைத்த பூ மாதிரி ஆகியிருந்தது. படத்தில் நான் எதையோ கெடுத்திருக்கிறேன் என்று புரிந்தது, எதை என்றுதான் தெரியவில்லை.

அப்புறம் பல மாதம் அதே நெகட்டிவ்தான். அந்த மஞ்சள் தண்ணீருக்குப் பேர் ப்ளீச். அது முதலில் தின்பது வெளிச்சமான இடங்களை. கறுப்பை எட்ட நேரமாகும். அதனால் ப்ளீச்சை நன்றாகத் தண்ணீர் ஊற்றி நீர்க்கவைத்து, இதழ் லேசாக மங்கியதுமே வெளியே எடுத்துவிட்டேன். சல்பைடில் போட்டபோது இதழில் மட்டும் கொஞ்சம் பழுப்பு ஏறியது, இலையின் நிழல் கறுப்பாகவே நின்றது. செலினியம் என்று இன்னொரு டோனிங் மருந்து, இதற்கு நேர் எதிர், கறுப்பிலிருந்து வேலையைத் தொடங்கும். எங்கள் பேப்பரில் அது நிறத்தைப் பெரிதாக மாற்றவில்லை. ஆனால் நிழல் இன்னும் ஆழமானது, மழையில் நனைந்த இலைபோல. ஒரே பிரிண்டில் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தபோதுதான் பிச்சி உயிரோடு வந்தது.

இதில் ஹைப்போவை, அதாவது பிரிண்டில் படத்தை நிலைக்கவைக்கும் மருந்தை, முழுசாகக் கழுவாமல் அவசரப்படவே கூடாது. மிச்சம் இருக்கிற ஹைப்போ பெர்ரிசயனைடோடு சேர்ந்து இதழின் மெல்லிய சாம்பலைக் கரைத்துவிடும். போனது போனதுதான், எந்த டிரேயிலும் திரும்பி வராது. அப்படிப் பத்துப் பன்னிரண்டு பிரிண்ட் போயிருக்கிறது.

நீலம் வேறு கதை. பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பெர்ரிசயனைடு, கொஞ்சம் அமிலம். வெள்ளி இருந்த இடத்தில் இரும்பின் நீலம் வந்து உட்காரும். படம் அடர்ந்துபோகும் என்பதால் பிரிண்டை முதலிலேயே வெளுப்பாகப் போட வேண்டும். முதல் ஆசை சங்குப்பூமேல்தான். நீலப்பூவுக்கு நீல டோன். பார்த்தால் வண்ணம் பூசிய காலண்டர் படம் மாதிரி இருந்தது. பூவுக்கு அதன் சொந்த நிறத்தையே டோனாகக் கொடுப்பதில் எனக்கு இன்றுவரை சம்மதமில்லை.

எங்கள் வீட்டு நந்தியாவட்டையை அதே நீலத்தில் போட்டேன், அழகாக வந்தது. போர் தண்ணீரில் அலசப் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தால் நீலம் பாதி போயிருந்தது. ஆசான் டிரேயைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "உப்புத்தண்ணி மக்கா. மழைத்தண்ணி பிடிச்சு வையி." காரத்தன்மை உள்ள தண்ணீர் அந்த நீலத்தை அரித்துவிடும் என்பது அப்படித்தான் தெரிந்தது. இடவப்பாதி மழையில் ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்தேன். வெள்ளைகளில் ஒட்டிய மஞ்சள் போகிற வரைக்கும் அலசல், அதற்குமேல் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது.

அந்தப் பிரிண்டையும் அக்காவிடம் கொண்டுபோனேன். "வெளுப்பாங்காலத்துலயா எடுத்தே?" என்றார். வெளுப்பாங்காலம் என்றால் விடியற்காலை. எடுத்தது சாயங்காலம் நாலு மணிக்கு.

வீடு திரும்புகிற வழியெல்லாம் அதே நினைப்புதான். பூவோடு வாழ்கிறவர்கள் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நேரத்தைப் பார்க்கிறார்கள். எப்போது பறித்தது, இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அவர்களுக்குப் பூ. நான் டிரேயில் மாற்றிக்கொண்டிருந்ததும் அந்த நேரத்தைத்தான். அதற்குப் பிறகு எந்தப் பூவையும் டோன் பண்ணும் முன்பு, இது எத்தனை மணிப் பூவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் ப்ளீச்சைக் கலப்பேன்.

இப்போது வேலை முழுக்கக் கம்ப்யூட்டரில். லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், நிழலுக்கு ஒரு நிறம் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். 2020 முதல் நடுச்சாம்பலுக்கும் தனியாக ஒன்று உண்டு. நல்ல வசதி. ஆனால் அதிலும் என் கை முதலில் போவது நிழலுக்குத்தான். இதழின் வெள்ளையைத் தொடக் கடைசி வரை தயங்குவேன்.

போன மாதம் தோவாளை மாணிக்க மாலையை எடுத்தேன், 2025-ல் புவிசார் குறியீடு பெற்ற மாலை. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சை நொச்சி இலை. சும்மா கறுப்பு வெள்ளையாக்கினால் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடுகின்றன. சிவப்பு பில்டர் போட்டால் சிவப்பு அரளி வெளுத்து வெள்ளை அரளியோடு கலந்துவிடுகிறது. பச்சை பில்டரில்தான் மூன்றும் பிரிந்து மாலையின் பின்னல் தெரிந்தது. டோன் இன்னும் கொடுக்கவில்லை. சாமி கழுத்தில் விழுவதற்கு முந்தைய நேரமாக இருக்க வேண்டும் என்பது வரைக்கும்தான் முடிவாகியிருக்கிறது.