இரண்டு நிற மஃப்ளர்: ஊசியோடு ஒரு நாட்குறிப்பு

நவம்பர் 4

மஃப்ளர் பின்னக் கருநீலமும் வெளிர் மஞ்சளும் என்று முடிவாகிவிட்டது. மனசுக்குப் பிடித்திருந்தது கருநீலமும் அடர்பச்சையும்தான். ஆனால் இரண்டு நூல்கண்டையும் சேர்த்து வைத்துக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தால் ஒரே சாம்பல். இந்தப் பின்னலில் நிறத்தைவிட வெளிச்சமும் இருட்டும்தான் டிசைனைக் காட்டும்.

சில கண்ணிகளை (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை) பின்னாமலே அடுத்த ஊசிக்கு மாற்றிவிடும் ஸ்லிப் முறையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்வெட்டரின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. மஃப்ளரைக் கழுத்தில் சுற்றினால் இரண்டு பக்கமும் தெரியும். ஒரே வரிசையில் இரண்டு நூலையும் மாற்றி மாற்றிப் பின்னினால் பின்னால் இழைகள் நீளமாக ஓடும், விரலில் மாட்டும். இதில் ஒரு நேரத்தில் கையில் ஒரு நூல்தான்.

நவம்பர் 6

கருநீலத்தில் 43 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நிட், அதாவது சாதாரண நேர்ப்பின்னல். நாலின் மடங்கோடு மூன்று என்பது கணக்கு. இந்த நூலுக்கு வழக்கமாக 4 மி.மீ. ஊசி போதும், ஸ்லிப் துணியை இறுக்கும் என்பதால் 4.5 எடுத்தேன்.

மஞ்சளில்: 3 நிட், பிறகு '1 ஸ்லிப், 3 நிட்' கடைசி வரை. திரும்பும் வரிசையிலும் அதே கண்ணிகளையே ஸ்லிப் செய்து, மற்றவற்றை நிட். அடுத்து கருநீலத்தில்: 1 நிட், பிறகு '1 ஸ்லிப், 3 நிட்' என்று போய், 1 ஸ்லிப், 1 நிட்டில் முடியும். திரும்பும்போது அதே மாதிரி. இந்த நாலு வரிசைதான் மொத்த டிசைனும்.

நவம்பர் 9

ஸ்லிப் என்றால் கண்ணியைப் பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு மாற்றுவது. பர்ல் (நிட்டுக்கு எதிர்ப்பின்னல்) போடுவதுபோல ஊசியை நுழைக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணி முறுக்கிக்கொள்ளும். நேர்ப்பக்கத்தில் நூல் பின்னால் நிற்கும். மறுபக்கத்தில் நூலை முன்னே கொண்டுவந்து ஸ்லிப் செய்து, மறுபடி பின்னே தள்ளி நிட். இந்த முன்னே பின்னேதான் கை பழகும்வரை எரிச்சல்.

ஸ்லிப் ஆனதும் வலது ஊசியிலுள்ள கண்ணிகளைக் கட்டை விரலால் லேசாக விரித்துவிட்டு அடுத்ததைப் பின்னுகிறேன். பின்னால் போகும் இழைக்கு அந்தத் தளர்ச்சி கிடைக்காவிட்டால் துணி சுருங்கும்.

நவம்பர் 13

நீளம் ஏறவே மாட்டேன் என்கிறது. ஸ்லிப் ஆன கண்ணி கீழ் வரிசைகளை மேலே இழுத்துப் பிடிப்பதால் எத்தனை வரிசை போட்டாலும் கொஞ்சமாகத்தான் தெரிகிறது. நூலும் நிறையக் குடிக்கிறது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிவராது.

நவம்பர் 20

நடுப்பகுதிக்கு வேறு டிசைன். கட்டம் போட்ட தாளில் நானே வரைந்தேன். இந்த வகைக்கு மொசைக் என்று பெயர் வைத்தவர் அமெரிக்கரான பார்பரா வாக்கர். இதில் வரைபடத்தின் ஒரு வரி, பின்னலில் இரண்டு வரிசை. வலதுபக்க முதல் கட்டம் எந்த நிறமோ அந்த நூலை எடுத்து, அந்த நிறக் கட்டங்களை நிட் செய்து, மற்றதை ஸ்லிப் செய்தால் போதும்.

வரையும்போது ஒரு நிபந்தனை: ஸ்லிப் ஆகும் கட்டத்துக்கு நேர் கீழே அதே நிறக் கட்டம் இருக்க வேண்டும். கீழே மஞ்சள் இல்லாமல் மேலே மஞ்சள் எங்கிருந்து வரும்? அடுத்தடுத்து மூன்றுக்கு மேல் ஸ்லிப்பும் வேண்டாம், இழை நீளமாகிவிடும். இந்த இரண்டுக்குள் எதை வேண்டுமானாலும் வரையலாம். ஏணி, படிக்கட்டு, வளைவு இல்லாத கோலம்!

நவம்பர் 24

ஓரம் அழகாக வருகிறது. இரண்டு வரிசைக்கு ஒரு தடவை நிறம் மாறுவதால் இரண்டு நூலும் ஒரே ஓரத்தில்தான் காத்திருக்கும். புது நூலை எப்போதும் பழைய நூலுக்கு அடியிலிருந்தே எடுக்கிறேன். வெட்டி ஒட்ட வேண்டியதே இல்லை.

டிசம்பர் 2

கண்ணிகளை அடைத்தாயிற்று. கம்பளி என்பதால் நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தரையில் விரித்து குண்டூசி குத்திக் காயவைத்தேன். ஸ்லிப் இழுத்த சுருக்கமெல்லாம் நேராகிவிட்டது. அக்ரிலிக்காக இருந்தால் நனைத்து இவ்வளவு நேராக்க முடியாது, ஆவி அதிகம் காட்டினாலோ துவண்டுவிடும்.

குஞ்சம் வைக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். கெட்டியான துணி, கனத்திலேயே ஒழுங்காகத் தொங்குகிறது.