குறுவை நாட்களில் சோதித்தறிதல்

ஜூன் 15, 2025, ஞாயிறு, பொறையாறு

மேட்டூர் அணை 12ஆம் தேதி திறந்தாயிற்று. அந்தத் தண்ணீர் கடைமடையான எங்கள் பக்கத்தை எட்ட இன்னும் நாளாகும் என்பதால், மோட்டாரை நம்பி முன்னதாகவே நாற்று விட்டவர்கள்தான் இப்போது நட்டு வருகிறார்கள். மறைந்த என் தம்பியின் மனைவியும் அவர்களில் ஒருத்தி.

ஆராதனை முடிந்ததும் அவள் என்னைத் தனியே அழைத்தாள். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில், வெளியூரிலிருந்து பிரசங்கிக்க வந்த ஓர் ஊழியர் அத்தனை பேர் நடுவில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "ஆடி மாதத்தில் கணவனை இழந்த மகளே, கையிலிருப்பதை விதை, நூறு மடங்கு அறுப்பாய் என்று கர்த்தர் சொல்கிறார்" என்றாராம். அங்கேயே 5,000 ரூபாயைக் காணிக்கை உறையில் வைத்துவிட்டாள். இன்னும் 20,000 தருவதாகக் கடவுளிடம் நேர்ந்து பொருத்தனையும் செய்திருக்கிறாள். கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து, உரத்துக்கும் களையெடுப்புக்கும் வாங்கிய பயிர்க்கடன் பணம் அது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தெரியாமல், "ஜெபித்துவிட்டுப் பேசுவோம்" என்று மட்டும் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று அவள் வீட்டுக்குப் போனேன். "அவர் இறந்த மாதம் அந்த ஊழியருக்கு எப்படித் தெரியும், அக்கா?" என்று கேட்டாள். பந்தல் வாசலில் ஏதாவது எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டேன். ஜெப விண்ணப்பச் சீட்டில் பெயர், ஊர், மனப்பாரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னாள். மாதத்தை எழுதினாளா என்பது அவளுக்கே நினைவில்லை. ஆகவே அதை வைத்து அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் அவர் சொன்ன செய்தி உண்மைதானா என்பதோடு சோதனை முடிந்துவிடுவதில்லை. பிலிப்பி பட்டணத்தில் குறி சொல்லும் ஆவியிருந்த அடிமைப்பெண், அப்போஸ்தலனாகிய பவுலையும் அவரோடிருந்த சீலாவையும் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர் என்று பல நாள் கூவிக்கொண்டே பின்தொடர்ந்தாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆயினும் பவுல் சினங்கொண்டு அந்த ஆவியைத் துரத்தினார். அவளுடைய எஜமான்களுக்கு அவளால் மிகுந்த ஆதாயம் வந்தது என்று அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் குறித்து வைத்திருப்பதை இந்த வாரம்தான் கருத்தூன்றி வாசித்தேன். உபாகமம் 13 இன்னும் கடுமையானது: சொன்ன அடையாளம் நிறைவேறினாலும், அதைச் சொன்னவன் உன்னை யாரிடத்தில் கொண்டுபோகிறான் என்று பார்க்கச் சொல்கிறது.

இரவில் என்னையும் சோதிக்க வேண்டியதாயிற்று. அவர் எங்கள் சபை முறையைச் சேராதவர் என்பதாலா என் மனம் இப்படிக் கொதிக்கிறது? கொஞ்சம் அதனாலும்தான். "ஆவியை அவித்துப்போடாதிருங்கள்" என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுலின் அதே கை, இரண்டு வசனம் தள்ளி, "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுகிறது. கணவன் போனபின் முதல்முறையாக அந்தக் கூட்டத்தில்தான் வாய்விட்டு அழுது ஜெபித்ததாக அவள் சொன்னாள். அந்த ஆறுதலை நான் தட்டிப்பறிக்கக் கூடாது.

ஜூன் 22, ஞாயிறு

பெண்கள் ஐக்கியத்தில் 2 கொரிந்தியர் 8, 9ஆம் அதிகாரங்களை முழுமையாக வாசித்தோம். பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான் என்ற வசனத்தைத்தான் அந்த ஊழியர் எடுத்திருந்தார். இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படித்தால், எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காகத் திரட்டிய தருமப்பணத்தைப் பற்றி பவுல் பேசுகிறார் என்பது விளங்கும். அந்தப் பணம் தம்மேல் பழி வராதபடிக்குச் சபைகள் தெரிந்தெடுத்தவரோடு கொண்டுபோகப்பட வேண்டும் என்பதிலும், எவரும் கட்டாயத்தினால் கொடுக்கக் கூடாது என்பதிலும் அவர் எவ்வளவு கவனமாயிருக்கிறார்! பயிர்க்கடனை உறையில் வைக்கச் சொல்லி ஒரு விதவையை நடுப்பந்தலில் நிறுத்துவதற்கு அந்த அதிகாரங்களில் இடமேயில்லை.

நூறு மடங்கு பலன் வரும் விதைக்கிறவனுடைய உவமையைப் பற்றி ஒருவர் கேட்டார். அங்கே விதை தேவனுடைய வசனம் என்று ஆண்டவரே லூக்கா 8இல் பொருள் சொல்லிவிட்டார். நெல் மூட்டையையும் விலையையும் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, விதை என்றதும் பணம் நினைவுக்கு வருவது எளிது. அந்த எளிமையைத்தான் ஒருவர் பயன்படுத்திக்கொள்கிறார்.

தம்பி மனைவி ஒன்றும் பேசவில்லை.

ஜூலை 9, புதன்

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கிய நாள். 1706இல் வந்தவருடைய மொழிபெயர்ப்பில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேயே 1715இல் அச்சேறியது. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு தினமும் ஒத்துப்பார்த்தார்கள். நம் ஊர்க்காரரும் அப்படி ஒத்துப்பார்க்கத் தமிழில் புத்தகம் வேண்டியிருந்தது; அது இங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் அச்சாயிற்று என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இன்று அவள் வயலில் களையெடுப்பு. குதிரைவாலிப் புல்லை இளம்பருவத்தில் என் கண்ணால் நெல்லிலிருந்து பிரிக்கவே முடியவில்லை. வேலை செய்துகொண்டிருந்த அம்மா ஒருவர் இரண்டையும் பிடுங்கிக் காட்டினார்: இலை தண்டைப் பிடிக்கும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய நாக்கும் சிறு மயிரும் இருக்கும், புல்லுக்கு அந்த இடம் வழுவழுப்பாயிருக்கும். அவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை, கை தானாகப் போகிறது. நாற்பது வருடம் சேற்றில் நின்ற கை. எபிரெயர் 5ஆம் அதிகாரம் பயிற்சியினால் நன்மை தீமையைப் பகுத்தறிவதைச் சொல்லும்போது இதைத்தான் சொல்கிறது என்று பட்டது.

அறுப்புவரை களையைப் பிடுங்காதே என்ற உவமையும் உடனே நினைவுக்கு வந்தது. அதில் நிலம் உலகம், களைகள் மனிதர். மனிதரைப் பிடுங்கி எறியும் வேலை நமக்குத் தரப்படவில்லை. போதனையைச் சோதிக்கும் வேலை தரப்பட்டிருக்கிறது. அந்த ஊழியரைப் பற்றிப் பேசும்போது நான் இந்த எல்லையை இரண்டொரு முறை தாண்டியிருக்கிறேன்.

வரப்பில் உட்கார்ந்து அவளுக்கு, எரேமியா தீர்க்கதரிசியின் நாளில் பொய்யாய்த் தீர்க்கதரிசனம் சொன்ன அனனியாவின் கதையைச் சொன்னேன். பாபிலோனின் நுகம் இரண்டு வருடத்தில் முறியும் என்று அவன் சொன்னபோது, எரேமியா முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அது மெய்யாகட்டும் என்று விரும்பியும், முந்தின தீர்க்கதரிசிகளின் வார்த்தையோடு அதை ஒத்துப்பார்த்தார். கர்த்தர் அவனை அனுப்பவில்லை, அன்றைக்கே அவன் மாண்டுபோனான் என்று கதையை முடித்தேன். மீதிப் பணத்தைக் கொடுக்கப்போவதில்லை என்றும், ஆனால் பொருத்தனை செய்துவிட்டோமே என்ற பயம் இன்னும் போகவில்லை என்றும் அவள் சொன்னாள். அதற்கு ஆயரிடம் அழைத்துப் போகிறேன் என்றேன்.

ஜூலை 12, சனி

மாலையில் வேதாகமத்தோடு வந்தாள். "அக்கா, நீங்கள் அன்றைக்கே மாண்டான் என்று சொன்னீர்கள். எரேமியா 28இல் அப்படி இல்லையே" என்றாள். விரலை வைத்துக் காட்டினாள். அவன் பேசியது ஐந்தாம் மாதம். செத்தது அவ்வருஷத்தின் ஏழாம் மாதம். எத்தனை வருடமாக இதைத் தவறாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. அவள் சொன்னது சரி என்று சொல்லி, அதிகாரத்தை முதலிலிருந்து இருவரும் வாய்விட்டு வாசித்தோம். அவளுக்கு இன்னும் கேள்விகள் இருந்ததால், விளக்கைப் போட்டுவிட்டு 29ஆம் அதிகாரத்துக்குப் போனோம்.