மறுபடியும் டிபன் பாக்ஸ்

திங்கள் முதல் வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் என்று மெயில் வந்துவிட்டது. நேரில் பழகினால்தான் டீம் வளருமாம். சரி. என் டீமில் இரண்டு பேர் புனேயில், ஒருவர் போலந்தில். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்கு நடுவே ஊர்ந்து சோழிங்கநல்லூர் போய், ஹெட்செட் மாட்டிக்கொண்டு அதே வீடியோ காலில்தான் உட்காரப் போகிறேன்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு சீனியர் இருப்பது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் நிர்வாகத்தின் கவலை அதுவா? 2022ல் மைக்ரோசாப்ட் எடுத்த சர்வேயில், சில நாள் வீடு, சில நாள் ஆபீஸ் என்ற ஹைபிரிட் முறையில் ஊழியர்கள் ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள் என்று நம்பவே சிரமமாக இருக்கிறது என்றார்கள் 85 சதவீத மேலதிகாரிகள். கண்ணில் படாதவன் தூங்குகிறான் என்ற அதே பழைய சந்தேகம்!

சீனாவின் டிரிப்.காம் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடந்த ஆய்வில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்த்தவர்களின் வேலைத்தரம் குறையவில்லை. ராஜினாமாதான் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. (வீடியோ காலை விற்கும் ஜூமே 2023ல் தன் ஆட்களை வாரம் இரண்டு நாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டது தனிக் கதை.)

வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் சந்தோஷம். பரணிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டார்.