தலையில் ஒரு வெட்டு

மார்ச் 3
அப்பாவின் மருந்துச் சீட்டைத் தேடியபோது, பழைய மைலோ டின்னின் அடியில் துணியில் முடிந்த ஒரு வெள்ளிக் காசு கிடைத்தது. நம் சிங்கப்பூர்ப் பத்துக் காசு அளவுதான். ஒருபுறம் இலைமாலை சூடிய ஆண் தலை, மறுபுறம் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண். ஆணின் கன்னத்தில் உளி பதிந்த வெட்டு.

மார்ச் 4
தூங்கவில்லை.

மார்ச் 6
மருத்துவமனையிலிருந்து நேராக விக்டோரியா தெரு நூலகத்துக்குப் போனேன். பெண்ணைச் சுற்றியுள்ள எழுத்துகள் ‘பொன்டிஃப் மாக்சிம்’, அதாவது தலைமைப் பூசாரி. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட ரோமப் பேரரசர் திபேரியசின் தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசு அது. அந்தப் பெண் அவருடைய தாய் லிவியா என்றே பலரும் கருதுகிறார்கள். தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாகக் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக் காசுகளில் இதுவும் ஒன்று. பின்னாளில் பேரரசர் நீரோ கி.பி. 64இல் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்துவிட்டதால், அதற்கு முந்தைய காசுகளையே நம் வணிகர்கள் விரும்பினார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

மார்ச் 7
அப்பா இன்றும் பேசவில்லை.

மார்ச் 9
எடை 3.58 கிராம். நகைத் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்து, அளவைப் பூச்சியமாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டேன். காசு விலக்கிய நீரின் எடையாக 0.39 காட்டியது. காசின் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி 9.18 வருகிறது; வெள்ளிக்கு 10.49 வர வேண்டும். அப்பா ஐம்பது ஆண்டுகள் பாதுகாத்தது போலியா என்று நினைத்தபோது கை நடுங்கியது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் லிவியாவின் நாற்காலிக்கடியில் ஒட்டியிருந்த காற்றுக்குமிழியைக் கண்டேன். ஊசியால் தட்டிவிட்டு மீண்டும் பார்த்தேன். 0.35. அப்படியானால் 10.2. சத்தமாக அழுதேன்.

மார்ச் 10
வெட்டைப் பற்றியே யோசிக்கிறேன். 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் தலை இப்படித்தான் வெட்டப்பட்டிருந்தது. புழக்கத்திலிருந்து நீக்கவா, உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதிக்கவா? என் காசின் வெட்டுக்குள்ளும் வெள்ளியே தெரிகிறது, அதுவும் மேற்பரப்பைப் போலவே கறுத்து. எனவே வெட்டும் பழையதுதான்.

மார்ச் 12
‘மாக்சிம்’ என்பதன் கடைசி எழுத்துக்கு ஒரு கால் குறைகிறது. ரோமானியக் காசுகளைப் பார்த்து இந்தியாவிலேயே அக்காலத்தில் செய்த காசுகளும் உண்டு; அவற்றில் எழுத்துகள் பொருளிழந்து வெறும் கோடுகளாகிவிடும். இதில் ஓர் எழுத்துதான் பிசகியிருக்கிறது, அதுவும் தேய்மானமாக இருக்கலாம். நம் தட்டார் ஒருவர் படிக்கத் தெரியாத மொழியைக் கண்ணால் பார்த்தே செதுக்கியிருந்தால், எனக்கு அது இன்னும் அருமையான காசு.

மார்ச் 13
அப்பா ஒரு சொல் சொன்னார்: “அமராவதி.” கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைப்பது தெரிந்ததே, ஆனால் அங்கே அள்ளுபவர்களுக்கு அகப்படுபவை பெரும்பாலும் பிற்காலத்துச் சிறு செப்புக் காசுகள். அப்பத்தாவின் பெயரும் அமராவதிதான். ஆற்றில் எடுத்ததா, அப்பத்தா கொடுத்ததா என்று இருமுறை கேட்டேன். இரண்டுக்கும் தலையசைத்தார்.

மார்ச் 14
நாளை காலை ஆறரைக்கு அப்பாவை அறுவைக்கு அழைத்துச் செல்கிறார்கள். அச்சில் வார்த்த போலிகளில் தெரியும் வார்ப்பு மடிப்பு ஏதேனும் இருக்கிறதா என்று காசின் விளிம்பை இன்றிரவே பார்த்துவிட வேண்டும். லென்ஸ் அப்பாவின் மேசையில் இருக்கிறது.