மூன்று கால் கறுப்புப் பாகம்: டிரான்சிஸ்டர்தானா?

ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு, கீழே மூன்று கால். பழைய போர்டுகளில் இந்த உருவம் நிறையக் கிடைக்கும். பார்த்தவுடன் டிரான்சிஸ்டர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டிஓ-92 என்பது உறையின் பெயர் மட்டுமே. பிசி547 டிரான்சிஸ்டர், 2என்7000 மாஸ்ஃபெட் (வோல்ட்டேஜால் இயங்கும் வேறு வகை டிரான்சிஸ்டர்), 78எல்05 ரெகுலேட்டர் (வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் பாகம்), எல்எம்35 வெப்பநிலை சென்சார் எல்லாமே அதே உறையில் வருகின்றன.

முதலில் எண்ணைப் படியுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். எல்லா வரியும் பாகத்தின் பெயர் அல்ல. 1423 போன்ற நான்கு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த ஆண்டும் வாரமும்தான். ஜப்பானிய வகைகளில் முன்னால் வரும் 2எஸ் அச்சிடப்படாது. சி1815 என்று இருந்தால் 2எஸ்சி1815 என்று தேடுங்கள்.

எழுத்தே இல்லையென்றால் மல்டிமீட்டர். பாகத்தைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து ரெசிஸ்டர்களும் அளவீட்டில் கலந்துவிடும். மீட்டரை டயோடு சோதனையில் வைத்து, மூன்று காலுக்கும் இரு திசையிலும் ஆறு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பு முனை ஒரு காலில் இருக்க, கறுப்பு முனைக்கு மற்ற இரண்டிலும் 0.6 முதல் 0.7 வோல்ட் காட்டி, மீதி நான்கும் திறந்த சுற்றாக (மின்னோட்டம் பாயாமல்) இருந்தால் அது என்பிஎன் வகை டிரான்சிஸ்டர். சிவப்பு இருக்கும் கால் பேஸ், அதாவது டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் கால்; மற்ற இரண்டும் எமிட்டர், கலெக்டர். சிவப்புக்குப் பதில் கறுப்பு முனை அந்தப் பொதுக் காலில் இருந்தால் அது எதிர் வகையான பிஎன்பி. இரண்டில் சில மில்லிவோல்ட் கூடுதலாகக் காட்டுவது எமிட்டர். இந்த ஒழுங்குக்குள் அடங்காமல் பல திசைகளில் அளவு காட்டினால் உள்ளே ஐசி (பல பாகங்கள் அடங்கிய சில்லு) இருக்க வாய்ப்பு அதிகம்.

புதிதாகச் செய்பவர்களை அதிகம் அலைக்கழிப்பது கால் வரிசைதான். தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்போது, இடமிருந்து வலமாக பிசி547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு நேர் தலைகீழ். பிஎன்2222ஏ, பி2என்2222ஏ இரண்டும் ஒரே பாகம்போலத் தோன்றினாலும் வரிசை எதிரெதிர். ஆகவே முழு எண்ணையும் பார்த்து, அதற்குரிய டேட்டாஷீட்டையே (தயாரிப்பாளரின் விவரத்தாள்) திறங்கள். எமிட்டரும் கலெக்டரும் மாறினால் சுற்று முழுதாகச் சாகாது. பெருக்கம் குறைந்து எல்இடி மங்கலாக எரியும். அதனால்தான் இந்தப் பிழை எளிதில் பிடிபடுவதில்லை. 9 வோல்ட்டில் இப்படி மாட்டினால் 6 வோல்ட் மட்டுமே தாங்கும் பேஸ்-எமிட்டர் சந்தி பழுதாகவும் கூடும். மீட்டரில் பெருக்கத்தை அளக்கும் எச்எஃப்இ துளை இருந்தால் அதில் செருகிப் பாருங்கள்: சரியான திசையில் பெரும்பாலும் நூறுக்கு மேல் காட்டும், மாறினால் மிகச் சிறிய எண்.

என்பிஎன் என்று தெரிந்தபின் 5 வோல்ட், பேஸுக்கு 1 கிலோஓம், கலெக்டரில் எல்இடியுடன் 330 ஓம் போட்டுச் சோதிக்கலாம். எல்இடி வழியே சுமார் 9 மில்லிஆம்பியர்தான் ஓடும். ஐசி என்ற சந்தேகம் இருந்தால் எண் தெரியும்வரை மின்சாரம் கொடுக்க வேண்டாம். எல்எம்35-இல் மின்வழங்கல் கால்கள் மாறினாலே சூடேறிக் கெட்டுவிடும்.