கோலான் நாட்குறிப்பு

டிசம்பர் 6, 2024
இஸ்ரேல் கையில் இருக்கும் இந்தக் கோலான் மேட்டில் நான் பார்த்துக்கொள்ளும் யூதப் பாட்டி, இன்றும் இரண்டு கரண்டி சூப்போடு சரி.

டிசம்பர் 7
"அறை சில்லென்று இருக்கிறதே" என்றார். ஹீட்டரைப் போடு என்று சொல்ல மாட்டார். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், ஹீட்டர் போடவும் கூடாது, போடச் சொல்லவும் கூடாது. அந்தச் சொல் வாயில் வராது. முடியாதவர்கள் நேராகவே கேட்கலாம் என்று அவர்கள் மதகுரு ராபி சொல்லியாயிற்று, அப்படியும் கேட்பதில்லை. ராத்திரி நான் அசந்துவிட்டேன். விழித்துத் தொட்டால் கால் இரண்டும் ஐஸ். எத்தனை நேரம் அப்படிக் கிடந்தாரோ.

டிசம்பர் 8
சிரியா அதிபர் அசாத் ஓடிவிட்டாராம். இஸ்ரேல் ராணுவம் வேலி தாண்டி, இரண்டு நாட்டுக்கும் நடுவே படை இல்லாமல் விட்டிருந்த பகுதிக்குள் போய்விட்டது. "குனெய்த்ராவுக்குப் போய்ட்டாங்களா?" பாட்டிக்கு இது ஒன்றுதான். 1974இல், அந்த ஊரைச் சிரியாவுக்குத் திருப்பித் தரக் கூடாது என்று அங்கே ஒரு பதுங்குகுழியில் போய் உட்கார்ந்தவர்களில் இவரும் ஒருத்தி. அப்படித்தான் கெஷெத் என்கிற யூதக் குடியிருப்பு பிறந்தது. அந்த வருஷமே ஊரைக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்ததை இவர் மனசு இன்னும் கொடுக்கவில்லை.

டிசம்பர் 10
தயிரும் வேண்டாமாம். குனெய்த்ரா, மூன்று தடவை.

டிசம்பர் 13
கார்த்திகை தீபம் வெள்ளிக்கிழமையில் வந்திருக்கிறது. நாலு மணி வாக்கில் பாட்டி கை நடுங்க ஓய்வுநாளுக்கான இரண்டு மெழுகுவத்தி ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டார். இருட்டின பிறகு என் ஒற்றை அகலை என் அறை ஜன்னலில் வைத்தேன். எண்ணெய் அவர் கொடுத்த ஆலிவ் எண்ணெய்.
"யாருக்கு?"
"மலைக்கு, சவ்தா." சவ்தா என்றால் அவர்கள் மொழியில் பாட்டி.
தலையை மெல்ல ஹெர்மோன் மலைப் பக்கம் திருப்பினார். அன்றைக்கு அரை கிண்ணம் சாப்பிட்டார்!

டிசம்பர் 15
கோலானில் ஜனத்தொகையை இரட்டிப்பாக்க 4 கோடி ஷெக்கலுக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். பாட்டியின் மகனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. காரில், ஆளில்லாத பழைய சிரிய ஊரான குஷ்னியா வழியாக வந்தோம். மசூதி பாழடைந்து நிற்கிறது, மினாரில் குண்டு துளைத்த ஓட்டைகள். பக்கத்தில் கருங்கல் வீடுகள், ஒன்றின் வாசற்படி மட்டும் மழுமழுவென்று தேய்ந்திருந்தது. 1967 போரில் இஸ்ரேல் இந்த மேட்டைப் பிடித்தபோது ஊரை விட்டுப் போனவர்கள் மிதித்து மிதித்துத் தேய்ந்த படி. எங்கள் ஊரில் ஒரு சாண் வரப்புக்கு இருபது வருஷமாகக் கோர்ட் படி ஏறுகிறோம். இவர்கள் எந்தப் படி ஏறுவார்கள்? மகனிடம் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பாட்டியிடம் கேட்க மனசில்லை.

டிசம்பர் 19
தண்ணீர் மட்டும்.

டிசம்பர் 20
அந்தப் படி கண்ணைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ஹீட்டரை நானே சாயங்காலத்திலிருந்து போட்டுவைத்துவிட்டேன்.

டிசம்பர் 25
ஹனுக்கா, யூதர்களின் விளக்குத் திருநாள். முதல் திரி. பாட்டியால் பிடிக்க முடியவில்லை. மகன் கையைச் சேர்த்துப் பிடித்து ஏற்றினார். சுடரைப் பார்த்து, "மலைக்கா?" என்று என்னைக் கேட்டார்.

டிசம்பர் 26
விடியற்காலை ஆம்புலன்ஸ். நானும் கூடப் போகிறேன்.